நூற்று நாலரை

பாமே மானி இருபத்து நாலில் நிற்கிறது.
இன்னும் ஒரு வெயில் போதும்,
திருப்பாலைக்குடிப் பாத்தியில் உப்பு இறங்கிவிடும்.
நான் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன்.
கூடம் என்பது ஒரு மரியாதைக்கு:
ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, ஒரு பியூரெட்,
கதவு சாத்தாத பீரோ, அதற்குள்
பழுப்புக் குப்பியில் வெள்ளி நைட்ரேட்.

அது தொட்ட விரல் கறுக்கும்.
மூன்று நாள் போகாது.
ஓட்டுப் போட்டியா என்று கேட்கிறார்கள்
தேர்தல் இல்லாத மாதத்திலும்.

சொட்டுச் சொட்டாய் விடுகிறேன்.
இதுவரை சோடியத்தின் பக்கத்தில் நீந்திய குளோரைடு
வெள்ளியைக் கண்டதும்
தயிராய்த் திரண்டு அடியில் படிகிறது.
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
உப்பில் யாருக்கு யார் என்று எழுதிவைக்கவில்லை.
ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு,
ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம்,
நடுவில் தாலி கிடையாது.
கடைசிக் கூட்டில் இருந்த ஒரே எலக்ட்ரானை
எடுத்துக் கொடுத்தபோது
சோடியத்துக்கு மனம் இருந்ததா என்று
எந்தப் பாடப்புத்தகமும் கேட்கவில்லை.

நாற்பத்தோரு நாளாக
கருமலையானும் அவன் தம்பி சேதுராசும்
அக்கரைச் சிறையில்.
படகும் அங்கேயே கட்டிக் கிடக்கிறது.
எல்லை எதுவென்று தண்ணீருக்குத் தெரியவில்லை,
ஜிபிஎஸ்ஸுக்குத் தெரிந்திருக்கிறது.
பிணை கிடைக்கும் என்றார் வக்கீல், போன வாரம்.
அந்தச் சொல்லை நான்
கீழக்கரைக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தேன்,
வேறு பொருளில்:
அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு, ஹைட்ரஜன் பிணைப்பு.
ஆள் ஜாமீன் பட்டியலில் இல்லை.

வீட்டில் இப்போது இரண்டு பேர்.
நானும் பாகம்பிரியாளும்.
சேதுராசு பெண்டாட்டி, எனக்கு ஓர்ப்படி.
அவள் வந்த நாலாம் மாதத்திலிருந்து
ஒரே கூரைக்கு இரண்டு அடுப்பு.
பேச்சு என்றால் சுவரிடம்தான்.
"மோட்டாரப் போட்டவுக நிறுத்துனா நல்லது."
சுவர் கேட்டுக்கொண்டு என்னிடம் சொல்லும்.
பெயர்தான் பாகம்பிரியாள்,
கொல்லையைப் பாகம் பிரித்து
கோலப்பொடியில் கோடு போட்டது அவள்தான்.

தண்ணீரை வரையச் சொன்னால்
எல்லாரும் ஒரு ஆக்சிஜன் போடுவார்கள்,
இரண்டு ஹைட்ரஜன், இரண்டு கோடு, முடிந்தது.
ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் ஆறு.
இரண்டு, பங்குக்குப் போய்விடும்.
மீதி நாலு, ஜோடி ஜோடியாய்,
யாரோடும் சேராமல் முதுகுப் பக்கம் நிற்கும்.
பலர் அதை வரைவதே இல்லை.
தள்ளுவது அவைதான்.
வரையாத இரண்டு ஜோடி தள்ளித் தள்ளி
வரைந்த இரண்டு கோடும் நெருங்குகின்றன.
நூற்று ஒன்பதரை இருக்கவேண்டிய கோணம்
நூற்று நாலரை.
அந்த வளைவு இல்லையென்றால்
தண்ணீருக்கு உப்பைப் பிரித்துக் கரைக்கும் வலு இராது.
இந்தப் பாத்தி இராது,
எனக்கு இந்த வேலையும்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
செல்போன் வெளிச்சத்தில் அவள் அடுப்பில் காரப்பொடிக் குழம்பு,
என் அடுப்பில் ஒன்றுமில்லை.
தட்டை நகர்த்தினாள்,
சுவரிடம் சொல்லாமல்.
அப்போதுதான் பார்த்தேன், காது இரண்டும் வெறுங்காது.
"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கட்டிருக்கேன்," என்றாள்,
"ஒருத்தருக்கு மட்டும் வாங்க மாட்டானாம்."
குழம்பில் உப்புக் கம்மி.
உப்பு லாபுக்காரியிடம் அதைச் சொல்ல
அவளுக்கும் வாய் வரவில்லை, எனக்கும்.
பிறகு என் விரலைப் பிடித்து
வெளிச்சத்தில் திருப்பினாள்.
இது என்ன கறுப்பு?
நேராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி,
ஆறு வருஷத்தில்.

வெள்ளி, என்றேன்.
நம்பவில்லை.

இன்று காலை கோலப்பொடிக் கோட்டில்
ஓரிடம் மிதிபட்டிருந்தது.
அவள் காலா என் காலா, அளந்து பார்க்கவில்லை.

இதை யோசித்ததில்
குடுவையில் மஞ்சள் செங்கல் நிறமாகிவிட்டது.
ஒரு சொட்டுக் கூடுதல்.
பதிவேட்டில் எழுத முடியாது.
கொட்டிவிட்டுக் கழுவி
மறுபடி பத்து மில்லி எடுக்கிறேன்.